ஒரு மட்கார்டுக்காக முழு ஜீப்பையும் சுரண்டாதீர்கள்

போடிநாயக்கனூரில் பழைய ஜீப்பை எந்தப் பட்டறைக்கு ஓட்டிப்போனாலும் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான். மட்கார்டு நசுங்கியிருக்கிறது, அதை மட்டும் டிங்கரிங் பார்த்து பெயிண்ட் அடித்துக் கொடுங்கள் என்று கேட்டால், "அடிச்சா முழுசா அடிச்சிருங்கண்ணே, பாதி அடிச்சா பல்லிளிச்சிரும்" என்பார்கள். பட்டறைக்காரர் மட்டுமா சொல்கிறார்? வண்டி வாங்கி விற்கும் புரோக்கரும் அதையே சொல்வார். எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று வேலைக்கு அலையும் ஏஜென்ட்டும் அதையே சொல்வார். டீக்கடையில் நிற்கும் பக்கத்து வண்டி டிரைவரும் அதையே சொல்வார். இத்தனை பேர் சொன்ன பிறகு சொந்தக்காரருக்கும் அது சரியென்றே தோன்றிவிடும். ஒரு மட்கார்டில் இருந்த பழுதுக்காக வண்டி முழுவதும் உரசப்பட்டு, பட்டி பூசப்பட்டு, புது நிறத்தில் வெளியே வரும்.

இந்தத் தீர்ப்பு தவறு என்பதே என் வாதம். பழுதான பகுதியை மட்டும் சரிசெய்து, சுற்றியுள்ள மங்கிய நிறத்தோடு ஒட்டிப்போகும்படி பூசுவது நடக்கக்கூடிய வேலை. பெரும்பாலான பழைய ஜீப்புகளுக்கு அதுவே நல்ல வேலையும்கூட. முழுப் பூச்சுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்கள் நான்கு: நிறம் சேராது, துரு பரவிவிடும், எஃப்.சி.யில் நிற்காது, பழசாகத் தெரிந்தால் மரியாதை இல்லை. நான்கையும் எடுத்துப் பார்ப்போம்.

அதற்கு முன், எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். 1945-இல் இரும்பு வணிக நிறுவனமாகத் தொடங்கிய மகிந்திரா, 1947-இல் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 1968-இல் நின்றுபோன சி.ஜே.3பி வடிவம் இங்கே அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடியது. பின்னால் எம்.எம்.540, கமாண்டர், மேஜர் என்று வரிசை நீண்டது. இவற்றில் பெரும் எண்ணிக்கை வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று போடி. காரணம் ஏலக்காய். போடியிலிருந்து முந்தல் வழியாக 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், 1,300 மீட்டருக்கு மேலே போடிமெட்டு. அதைத் தாண்டினால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்கள். தினமும் விடிவதற்குள் ஜீப்புகள் கீழேயிருந்து தோட்டத்து வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போகின்றன. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சாயங்காலம் அதே ஜீப்புகள் அவர்களை இறக்கிக் கொண்டுவருகின்றன. காய் மூட்டை, உரம், மருந்து டிரம், தண்ணீர்க் குழாய் எல்லாமே இந்த வண்டிகளில்தான்.

அப்படி உழைத்த ஜீப்பின் பின்பக்கத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால் அதன் வேலை என்னவென்று தெரியும். படுதா கட்டும் இரும்பு வளைவில் ஆள் உயரத்துக்குச் சற்று கீழே ஓரிடம் மட்டும் பெயிண்ட் தேய்ந்து, தகடு வழவழவென்று மின்னும். ஏறும்போது எல்லாக் கைகளும் பிடிக்கும் இடம் அது. ஃபுட்போர்டின் நடுவில் மேல்பூச்சு போய், அதற்கடியில் இருந்த முந்தைய நிறம் தெரியும். அதற்கும் நடுவே ரெட் ஆக்சைடு பிரைமர். அதற்கும் நடுவே வெறும் இரும்பு. மரத்தை வெட்டினால் வளையம் தெரிவதுபோல வண்டியின் வயது அந்த ஓரிடத்தில் அடுக்கடுக்காகத் தெரியும். தளத்தின் மூலையில் நீலப்பச்சைக் கறை இருக்கும். ஏலத்தில் அழுகல் நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும், டிரம்மிலிருந்து தளும்பி விழுந்த இடம். பானட்டின் மேற்பகுதி போடி வெயிலில் வெளுத்திருக்கும். அதே பானட்டின் உள்பக்கம் கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த நிறத்திலேயே இருக்கும்.

முழுப் பூச்சு இது அத்தனையையும் ஒரே நாளில் துடைத்துவிடும். அந்தத் தேய்மானத்தை மறுபடி உண்டாக்க முடியாது. அதை உண்டாக்கியது ஆயிரக்கணக்கான கைகளும் பல ஆண்டு வெயிலும் மழையும். மலையேறிப் போய்வந்த அந்தப் பெண்களின் உழைப்புக்கு எந்த ஊரிலும் நினைவுச் சின்னம் கிடையாது. அது பதிந்திருக்கும் சில பொருள்களில் இந்த வண்டிகள் ஒன்று. காரணமில்லாமல் அதை அழிப்பதற்கு எனக்குச் சம்மதமில்லை.

சரி, முதல் காரணத்துக்கு வருவோம். நிறம் சேராது என்கிறார்கள். ஏன் சேரவில்லை என்று யாரும் கேட்பதில்லை. பெயிண்ட் கடையில் வண்டியின் பழைய கலர் கோடைச் சொல்லி டப்பா வாங்குகிறார்கள். அந்த டப்பாவில் இருப்பது கம்பெனியிலிருந்து வந்த முதல் நாள் நிறம். வண்டியில் இருப்பது இருபது, முப்பது வருஷம் வெயில் குடித்த நிறம். புற ஊதாக் கதிர் பெயிண்டில் உள்ள பிசினை அரிக்கும்போது நிறமித் துகள்கள் பிடி விட்டு மேலே மாவாகப் படிகின்றன. விரலால் தேய்த்தால் ஒட்டும் பொடி அதுதான். சில சிவப்பு நிறமிகள் சீக்கிரம் வெளுக்கும். ரெட் ஆக்சைடு போன்ற மண் நிறங்கள் நீண்ட நாள் தாங்கும். ஆகவே முதல் நாள் நிறத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால் பல்லிளிக்கத்தான் செய்யும். அதற்குக் காரணம் பகுதியை மட்டும் பூசியதல்ல, தவறான நிறத்தைப் பூசியது.

சரியான முறை பெயிண்டர்களுக்குத் தெரியாத ரகசியம் ஒன்றுமில்லை. முதலில் பக்கத்துத் தகட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். அழுக்கு வேறு, மங்கல் வேறு. பிறகு அந்தக் காய்ந்த மங்கலுக்குத்தான் நிறம் கலக்க வேண்டும். வெள்ளையை மட்டும் ஊற்றினால் நிறம் செத்துப்போகும். துளி கறுப்பும் துளி மண் மஞ்சளும் சேரும்போதுதான் பழைய நிறத்தின் ஆழம் வரும். ஒரு துண்டுத் தகட்டில் அடித்து, முழுதாகக் காய்ந்த பின்பு வெயிலில் ஒரு தரமும் நிழலில் ஒரு தரமும் வைத்துப் பார்க்க வேண்டும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம் என்பது பெயிண்ட்டின் குணம். நிறம் சேர்ந்தாலும் பளபளப்பு காட்டிக்கொடுக்கும். அதனால் மினுமினுப்பைக் குறைக்கும் மேட் கலவை சேர்க்க வேண்டும். அடியில் ரெட் ஆக்சைடு, அதன்மேல் வண்டியின் பழைய நிறம், அதன்மேல் மங்கிய மேல்நிறம் என்று அதே அடுக்கில் பூசி, கையும் காலும் படும் விளிம்புகளில் மட்டும் வாட்டர் பேப்பரால் மெல்ல உரசினால் பக்கத்துத் தகட்டோடு கண் உறுத்தாமல் சேர்ந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. பழைய பூச்சு எந்த வகை என்று தெரியாமல் மேலே அடிக்கக் கூடாது. வெளியே தெரியாத இடத்தில் தின்னர் நனைத்த துணியை வைத்துப் பார்க்கலாம். கரைந்து துணியில் வந்தால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்); சுருங்கிப் பொங்கினால் எனாமல்; அசையாமல் இருந்தால் பி.யு. (பாலியூரித்தேன்). பழைய எனாமல் மேல் நேரடியாக என்.சி. அடித்தால் அடிப்பூச்சு பொங்கிவிடும். பகுதிப் பூச்சு கெட்டுப்போனதாகச் சொல்லப்படும் பல வண்டிகளில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். அது முறையின் குறை ஆகாது. பார்த்துச் செய்யாததன் விளைவு.

ஜீப்பின் அமைப்பும் பகுதி வேலைக்குச் சாதகமானது. மட்கார்டு போல்ட் போட்டு மாட்டியது. பானட், முன்கண்ணாடிச் சட்டம், பின்கதவு எல்லாமே தனித்தனியாகக் கழன்று வரும். போர்க்களத்தில் ஒரு பாகத்தைக் கழற்றி இன்னொன்றை மாட்ட வேண்டும் என்ற தேவையில் பிறந்த வண்டி இது. ஒரு பாகத்தை மட்டும் கழற்றிச் சரிசெய்வது அதன் இயல்புக்கு ஏற்ற வேலை.

இரண்டாவது காரணம் துரு. முழுசாக அடித்தால்தான் துரு நிற்கும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. மலையில் பல மாதம் மூடுபனியும் மழையும். கீழே இறங்கினால் காய்ந்த வெயில், புழுதிக்காற்று. நாள்தோறும் நனைந்து காயும் தகடு துருப்பிடிக்கத்தான் செய்யும். மருந்து டிரம் ஏற்றும் வண்டியில் இன்னும் மோசம். பூச்சு பெயர்ந்த இடத்தில் மயில்துத்தக் கரைசல் பட்டால் செம்பு இரும்பின் மேல் படிந்து அரிப்பைத் துரிதப்படுத்தும். சுண்ணாம்பு பழைய எனாமலின் பிசினையே கரைக்கும். ஆக, ஜீப்பின் துரு எல்லா இடத்திலும் சமமாக இருப்பதில்லை. தளத்தின் மூலை, மட்கார்டின் உள்மடிப்பு, படுதா வளைவு நிற்கும் காலடி, பேட்டரித் தட்டு என்று குறிப்பிட்ட இடங்களில் குடியிருக்கும். அந்த இடங்களைத் தேடிப் பிடித்து, துருவை இரும்பு தெரியும்வரை எடுத்து, எடுக்க முடியாத குழிகளில் பாஸ்பாரிக் அல்லது டானிக் அமிலக் கலவை தடவி, பிரைமர் அடித்து மூடுவதுதான் சிகிச்சை.

முழுப் பூச்சில் நடப்பது என்ன? கூலி சதுர அடிக் கணக்கில் நிறத்துக்குப் போய்விடுகிறது. துரு ஓட்டைமேல் பட்டி அப்பி, உரசி, மேலே பளபளவென்று அடித்துவிடுகிறார்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள். அடியில் துரு உயிரோடு இருந்தால் ஓரிரு மழைக்காலத்தில் கொப்புளம் கிளம்பும். அதுவரை சொந்தக்காரருக்குத் துரு இருப்பதே தெரியாது. மங்கிய பழைய பூச்சில் புது துரு கிளம்பினால் அன்றே கண்ணில் படும். இதற்கு மேல் இன்னொன்று: முப்பது வருஷம் மலை ஏறி இறங்கியும் தகட்டை விடாமல் பிடித்திருக்கும் பூச்சு தன் பிடிப்பை நிரூபித்துவிட்டது. அதைச் சுரண்டிவிட்டு, தூசி பறக்கும் தகரக் கொட்டகையில் அடிக்கும் புதுப் பூச்சு அதைவிட உறுதியாக இருக்கும் என்று எதை வைத்து நம்புவது?

அடிக்கிறவரின் நுரையீரலையும் கணக்கில் எடுக்க வேண்டும். இன்று முழுப் பூச்சு என்றால் பெரும்பாலும் பி.யு.தான். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடிய பொருள். சரியான முகக்கவசமும் காற்றோட்டமும் உள்ள பூத் இல்லாமல், முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஸ்ப்ரே கன்னைப் பிடித்து நிற்கும் பையன்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு மட்கார்டுக்கு வேண்டிய பெயிண்டை முழு வண்டிக்கும் பெருக்கும்போது அவர்கள் சுவாசிப்பதும் பெருகுகிறது.

மூன்றாவது காரணம் எஃப்.சி. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் பலரும் இதற்குப் பணிந்துவிடுகிறார்கள். வாடகை வண்டிகளுக்கு விதிக்கப்பட்ட நிறமும் எழுத்தும் தெளிவாகத் தெரிய வேண்டும், அது நியாயம். ஓட்டை விழுந்த தகடும் தொங்கும் ஃபுட்போர்டும் இருக்கக் கூடாது, அதுவும் நியாயம். ஆனால் தகுதிச் சான்றின் நோக்கம் வண்டி பாதுகாப்பாக ஓடுமா என்பது. பிரேக், ஸ்டியரிங், விளக்கு, டயர், புகை ஆகியவையே அதன் உயிர். பழுதான பகுதியைச் சரிசெய்து அதே நிறத்தில் பூசிய வண்டி அந்த நோக்கத்துக்கு எதிரானது அல்ல. சொந்த உபயோக வண்டிக்கு 15 வருஷம் கழித்து ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கும்போதும் இதே நியாயம்தான். மாறாக, முழுப் பூச்சு என்று இறங்குபவர்களுக்குத்தான் நிறத்தை மாற்றிப் பார்க்கும் ஆசை வருகிறது. ஆர்.சி. புத்தகத்தில் நிறமும் பதிவாகியிருக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லிப் பதியாமல் மாற்றினால் சோதனைச் சாவடியில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சட்டமே பழமையின் பக்கம் ஒரு கண்ணைத் திருப்பியிருக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த கார்களையும் இருசக்கர வண்டிகளையும் பழம்பெரும் வாகனமாகப் பதிய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் பராமரித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பெயிண்டைப் பற்றி அந்த விதி பேசவில்லை. ஆனாலும் அசலாக இருப்பதையே தகுதியாக எண்ணும் பார்வை அரசு விதிக்குள் வந்துவிட்டது என்பது கவனிக்க வேண்டியது.

இந்த இடத்தில் எதிர்த்திசையிலிருந்து ஒரு கண்டனம் வரும். புதுப் பெயிண்டைப் பழசுபோலத் தெரியவைப்பது மோசடி இல்லையா என்று கேட்பார்கள். போடியில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. ஏலக்காய்க்குப் பச்சை நிறமும் பருமனும்தான் விலை. அந்தப் பச்சைக்காகவே செயற்கைச் சாயம் ஏற்றுவது தொழிலின் நெடுநாள் களங்கம். சாயம் ஏற்றிய காயை நாம் ஏற்றுக்கொள்வதில்லை. மங்கல் ஏற்றிய தகட்டை மட்டும் ஏற்றுக்கொள்ளலாமா?

நேர்மையான கேள்விக்கு நேர்மையான பதில் உண்டு. சாயம் ஏற்றிய காய் வாங்குபவரை ஏமாற்றுவதற்காகவே செய்யப்படுவது. தான் இல்லாத ஒன்றாகத் தன்னைக் காட்டிக்கொள்வது. பகுதிப் பூச்சு ஒரு காயத்தை ஆற்றி, சுற்றியுள்ள அசலைக் கண் தொடர்ந்து பார்க்கவிடுவது. பழம்பொருள் பாதுகாப்பாளர்கள் இந்தக் கேள்வியை நமக்கு முன்பே கேட்டுப் பதிலும் எழுதிவைத்திருக்கிறார்கள். 1964-இல் உருவான வெனிஸ் சாசனத்தின் 12-ஆம் பிரிவு, இழந்த பகுதிக்குப் பதிலாகச் செய்வது முழுமையோடு இசைந்திருக்க வேண்டும், அதே நேரம் அசலிலிருந்து பிரித்தறியக் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டு நிபந்தனையையும் ஜீப்பில் நிறைவேற்றலாம். ஐந்தடி தள்ளி நின்றால் கண்ணை உறுத்தக் கூடாது. கிட்டே வந்து மட்கார்டின் உள்பக்கம் பார்த்தால் எந்த வருஷம், எந்தப் பகுதி பூசப்பட்டது என்று எழுதியிருக்க வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் ஆர்.சி. புத்தகத்தோடு இருக்க வேண்டும். விற்கும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நல்ல தகட்டில் உப்புத் தண்ணீர் தெளித்துத் துருவை வளர்ப்பதும், புது வண்டிக்குப் பொய்யான கீறல் போடுவதும் எனக்கும் ஏற்புடையதல்ல. உழைக்காத உழைப்பின் தடத்தை வரைவது பொய்தான். அந்தப் பொய்யைக் காட்டி உண்மையான தடத்தை அழிக்கச் சொல்வது மட்டும் நியாயமாகாது.

நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள இடைவழியில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பின்னாளில் தொல்லியல் துறை சோழர் ஓவியத்தை வெளிக்கொணர்ந்தபோது, மேலே இருந்த நாயக்கர் அடுக்கையும் எறிந்துவிடவில்லை. பிரித்தெடுத்துத் தனியே பாதுகாத்தது. மறுபுறம், திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு அடித்துச் சுத்தம் செய்த கோயில் தூண்களில் கல்வெட்டு எழுத்துகளே தேய்ந்துபோனதும் இதே தமிழ்நாட்டில் நடந்ததுதான். ஜீப்பும் கோயிலும் ஒன்றல்ல. ஆனால் பழசைச் சுத்தமாக்குவதே அதற்குச் செய்யும் மரியாதை என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அது ஏற்படுத்தும் சேதமும் ஒரே தன்மையதுதான்.

கடைசிக் காரணம் மரியாதை. இதைத்தான் நான் மிகுந்த மதிப்போடு அணுகுகிறேன். கடன் வாங்கி ஜீப் எடுத்து, அதை வைத்தே பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒருவர், வண்டி புதுசாக மின்ன வேண்டும் என்று ஆசைப்படுவதில் குற்றமில்லை. மங்கிய வண்டியை வறுமையின் அடையாளமாக ஊர் பார்க்கிறது. அந்தப் பார்வை அவர் மேல் விழுகிறது. பூனா, டெல்லி பணக்காரர்கள் கண்காட்சிக்கு வைக்கும் பழைய கார் மங்கலாக இருந்தால் ரசனை, கூலி வண்டி மங்கலாக இருந்தால் ஏழ்மை என்ற வேறுபாடு அநியாயமானது. ஆனால் அந்த அநியாயத்துக்குப் பரிகாரம் உழைத்த வண்டி தன் உழைப்பை மறைத்துக்கொள்வது என்றால், ஊரின் தவறான பார்வையை நாமே சரியென்று ஒப்புக்கொள்கிறோம். கழுவித் துடைத்த, துரு நீக்கிய, படுதா கிழியாத, பகுதி பகுதியாகப் பார்த்துப் பராமரித்த பழைய ஜீப் கவனிப்பாரற்றுக் கிடக்கும் வண்டியல்ல. பார்ப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

முழுப் பூச்சு எப்போதுமே தவறு என்று நான் சொல்லவில்லை. பாதிக்கு மேல் தகடு மாற்ற வேண்டிய வண்டிக்கும், முன்பே யாரோ கண்டபடி அடித்த எனாமல் எல்லாப் பக்கமும் தோலாக உரியும் வண்டிக்கும் அது தேவை. அசல் பூச்சே மிஞ்சாத வண்டியில் காப்பாற்ற எதுவும் இல்லை. ஆனால் அந்த முடிவு வண்டியைச் சுற்றிவந்து, தட்டிப் பார்த்து, தின்னர் துணி வைத்துப் பார்த்த பிறகு வர வேண்டும். வண்டி பட்டறைக்குள் நுழையும்போதே சொல்லப்படும் தீர்ப்பாக இருக்கக் கூடாது.

பட்டறைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நிறம் கலந்து, காயவைத்து, ஒப்பிட்டு, மறுபடி கலக்கும் வேலைக்கு நேரம் அதிகம், பெயிண்ட் குறைவு. வாடிக்கையாளர்கள் டப்பாவுக்குப் பணம் கொடுக்கிறார்கள், நேரத்துக்குக் கொடுப்பதில்லை. அதனால்தான் அவர் முழுசாக அடிக்கச் சொல்கிறார். எனவே பொறுப்பு நம்முடையதும்தான். கண்ணால் நிறம் பிடிக்கத் தெரிந்த பெயிண்டர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கண்ணுக்கு மணிக்கணக்கில் கூலி கொடுக்க நாம் தயாராக இருந்தால் அந்தக் கலை நிற்கும். இல்லையென்றால் அவர்களோடு போய்விடும்.

மிச்சமாகும் பணத்துக்கும் வேலை இருக்கிறது. போடிமெட்டு இறக்கத்தில் ஒரு ஜீப் நிறைய பெண்கள் உட்கார்ந்து வரும்போது அவர்களைக் காப்பாற்றுவது பிரேக் லைனிங்கும் டயரும் ஸ்டியரிங் மூட்டுகளும். புதுப் பூச்சு இவற்றில் எதையும் சரிசெய்யாது. எல்லாம் சரியாக இருக்கிறது என்ற எண்ணத்தை மட்டும் உண்டாக்கும். அடுத்த முறை வண்டியைப் பட்டறையில் விடும்போது மட்கார்டை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கான நேரத்துக்கு முழுக் கூலி கொடுங்கள். வண்டி முழுவதற்கும் அடிக்க ஒதுக்கிய மீதிப் பணத்தில் நான்கு சக்கரத்தையும் கழற்றி பிரேக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.